ஆறு எருது விலையில் ஓர் இரும்புச் சட்டை

ரைன் நதிக்கரையில் வாழ்ந்த ஃப்ராங்க் மக்களின் ரிபுவாரியச் சட்டத் தொகுப்பில் ஒரு விலைப்பட்டியல் உண்டு. கொலைக்கு ஈடாகத் தண்டம் கட்ட வேண்டியவர் கையில் காசில்லையென்றால் பொருளாகக் கட்டலாம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு கழித்துக்கொள்வது என்று அந்தப் பட்டியல் வரையறுக்கிறது. கொம்பும் கண்பார்வையும் நல்ல உடல்நிலையும் கொண்ட எருதுக்கு 2 சொலிடஸ் காசு. கேடயத்துக்கும் ஈட்டிக்கும் சேர்த்து 2 சொலிடஸ். வாள் உறையோடு 7, உறையில்லாமல் 3. தலைக்கவசம் 6. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிக் கவசம் 12.

ஓர் எருதின் விலை இருந்தால் ஒருவன் ஈட்டியும் கேடயமும் ஏந்திப் போருக்குப் போகலாம். சங்கிலிக் கவசம் வேண்டுமென்றால் ஆறு எருது. கவசம், தலைக்கவசம், உறையோடு வாள், ஈட்டி, கேடயம் என எல்லாம் பூண்டு நிற்பவன் 27 சொலிடஸைச் சுமந்து நிற்கிறான். அதாவது பதின்மூன்று எருதுகளுக்கு மேல். ஒரு சிற்றூரின் உழவு மாடுகள் மொத்தமும் ஒருவன் உடம்பில் ஏறியிருக்கின்றன.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, போர் விளையாட்டுக்கான மினியேச்சர் உருவங்களின் சந்தையைப் பார்த்தால் உறுத்துகிறது. அங்கே அதிகம் கண்ணில் படுபவர்கள் இரும்பு போர்த்தவர்கள். வாளை ஓங்கியவர்கள், இரு கையால் கோடரி வீசுபவர்கள், முகமூடி வைத்த தலைக்கவசக்காரர்கள். வெறும் கம்பளிச் சட்டையில் ஈட்டி பிடித்து நிற்பவன் பட்டியலின் கடைசியில் இருக்கிறான். வாங்குபவர்களும் அவனைக் கடைசியில்தான் வாங்குகிறார்கள். முன் இடைக்காலத்துக் காலாட்படையை மேசையில் நிறுத்த விரும்பும் எவரும் முதலில் தேடிப்போக வேண்டியது அவனைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விளையாட்டு அறியாதவர்களுக்குச் சில வரிகள். மேசைமீது மேடும் ஆறும் வேலியும் அமைத்து, சிறு உருவங்களைப் படையாக நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு வரலாற்றுப் போர்களை நடத்திப் பார்ப்பதே வார்கேம். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் பொம்மைப் படைகளுக்கு விதிகள் எழுதினார். இன்று விதிநூல்கள் ஏராளம். 1990-இல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுயிட்டாட்டிஸ்', பன்னிரண்டு அட்டைத் துண்டுகளில் ஒரு முழுப் படையை அடக்கியது. 2011-இல் வந்த 'சாகா' வேறு வழியில் போனது. அதில் ஓர் உருவம் ஒரு மனிதன். தலைவன் ஒருவனும் அவனைப் பின்தொடரும் சில பத்துப் பேரும் ஒரு படை.

சில பத்துப் பேரைப் படை என்று சொல்வது இன்றைய காதுக்குப் பொருந்தாமல் ஒலிக்கலாம். வெஸ்ஸெக்ஸ் அரசன் இனே ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பிறப்பித்த சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. கொள்ளையடிக்க வருபவர்கள் ஏழு பேர் வரை இருந்தால் திருடர்கள், ஏழிலிருந்து முப்பத்தைந்து வரை கும்பல், அதற்கு மேல் போனால் படை. குற்றத்துக்குத் தண்டனை அளப்பதற்காக வகுத்த வரம்பு இது. போர்க்களத்தின் தலைக்கணக்காக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்தக் காலத்து வன்முறை எந்த அளவில் நடந்தது என்பதை இது காட்டுகிறது. மேசையில் நாற்பத்தைந்து உருவங்களை நிறுத்துபவர், இனேயின் கண்ணில் ஒரு படையையே நிறுத்தியிருக்கிறார். ஆகவே ஒவ்வோர் உருவமும் கையில் என்ன வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு எடை கூடுகிறது.

உருவங்களை வாங்கும்போது எடுக்க வேண்டிய முதல் முடிவு, ஆண்டு. ஆங்கிலோ-சாக்சன் என்ற பெயரில் விற்கப்படும் உருவங்கள் ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து 1066 வரை பரந்து கிடக்கின்றன. அறுநூறு ஆண்டு ஒரே பெட்டிக்குள் அடங்காது. 1939-இல் சட்டன் ஹூவில் பேசில் பிரவுன் தோண்டத் தொடங்கிய கப்பல் புதைகுழியிலிருந்து வந்த முகமூடித் தலைக்கவசம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசனோடு புதைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தலைக்கவசம் பார்க்க அவ்வளவு அழகு என்பதால் ஆல்ஃபிரட் அரசனின் படையிலும் அதைக் காண்கிறோம். ஆல்ஃபிரட் எடிங்டனில் வைக்கிங் தலைவன் குத்ரமை வென்றது 878-இல். இடையில் இரண்டரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கிறது. இரு கையால் வீசும் டேனியக் கோடரி பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினொன்றிலும் பரவிய ஆயுதம். ஹவுஸ்கார்ல் எனும் மெய்க்காவல் வீரர்கள் 1016-இல் க்னூட் அரியணை ஏறிய பிறகே இங்கிலாந்தின் வரலாற்றில் நுழைகிறார்கள். கீழே கூம்பும் பட்டம்போன்ற நீள்வடிவக் கேடயம் பதினொன்றாம் நூற்றாண்டினது. இந்த மூன்றும் உள்ள பெட்டியை எடிங்டனுக்கு வாங்குவது வீண்.

ஆண்டைத் தீர்மானித்ததும் கேடயத்தை அளக்க வேண்டும். நான் இதை மிகவும் வலியுறுத்துவேன். 28 மி.மீ. என்று விற்கப்படும் உருவத்தில், அந்த அளவு பாதத்திலிருந்து கண் வரை உள்ள உயரத்தைக் குறிக்கும் என்பது பழைய வழக்கம். உயிருள்ள மனிதனுக்குக் கண் ஏறத்தாழ 160 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்றால் உருவம் 57-இல் ஒரு பங்கு. புதைகுழிகளில் கிடைத்த தொடக்ககால ஆங்கிலோ-சாக்சன் கேடயங்களில் பெரும்பாலானவை 46 முதல் 66 செ.மீ. விட்டம் உள்ளவை. மேசையில் அது 8 முதல் 12 மி.மீ. ஆகும். நார்வேயில் கோக்ஸ்டாட் கப்பலோடு கிடைத்த கேடயங்கள், ஏறத்தாழ 900-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, 94 செ.மீ. அளவு, மேசையில் 16 மி.மீ.க்குச் சற்று மேல். ஓர் உருவத்தின் கேடயம் 20 மி.மீ. இருந்தால் உண்மையில் 114 செ.மீ. அகலப் பலகையை ஒருவன் ஒற்றைக் கையில், நடுக் குமிழுக்குப் பின்னுள்ள பிடியால் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று பொருள். நெடுநேரம் அப்படி நிற்க முடியாது. ஆக ஏழாம் நூற்றாண்டுப் படைக்குச் சிறு கேடயமும் பத்தாம் நூற்றாண்டுப் படைக்குப் பெரிய வட்டக் கேடயமும் தேவை. பெட்டியில் வரும் கேடயத்தை அப்படியே ஒட்டாமல் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டினால் காலம் தானே சரியாகிவிடும்.

ஈட்டிக்கும் இதே கணக்கு. இரண்டேகால் மீட்டர் ஈட்டி 40 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். ஆள் தலைக்கு மேல் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். பல உருவங்களின் ஈட்டி ஆள் உயரத்தோடு நின்றுவிடுகிறது. தடிமன் மட்டும் விதிவிலக்கு. இரண்டரை செ.மீ. காம்பு இந்த அளவில் அரை மி.மீ.கூட வராது. அப்படி வார்த்தால் முதல் ஆட்டத்திலேயே ஒடிந்துவிடும். ஆகவே ஒரு மி.மீ. தடிமனை ஏற்றுக்கொள்ளலாம். உலோக உருவங்களுக்குக் கையைத் துளைத்து எஃகுக் கம்பியைச் செருகுவதே நல்ல வழி; கம்பியின் முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அரத்தால் இலைவடிவில் தேய்த்தால் ஈட்டிமுனை கிடைத்துவிடும். வார்ப்பிலேயே வரும் ஈயக்கலவை ஈட்டி வளைந்துகொண்டே இருக்கும். நிமிர்த்த நிமிர்த்த ஒருநாள் முறிந்துவிடும்.

இனி விகிதம். யாருக்கு எத்தனை கவசம், எத்தனை வாள்? இதற்கு நம்மிடம் வியப்பூட்டும் அளவுக்கு நேரடியான சான்றுகள் இருக்கின்றன. 1020-களில் க்னூட் வெளியிட்ட சட்டத்தில், பிரபு ஒருவர் இறந்தால் அரசனுக்குத் திருப்பித் தரவேண்டிய போர்ப்பொருள்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மாநில ஆளுநரான ஏர்ல் என்றால் எட்டுக் குதிரை, எட்டு ஈட்டி, எட்டுக் கேடயம், நான்கு தலைக்கவசம், நான்கு சங்கிலிக் கவசம், நான்கு வாள், அதற்கு மேல் பொன். அரசனுக்கு நெருக்கமான தெய்ன் என்ற நிலக்கிழார் என்றால் நான்கு குதிரை, நான்கு ஈட்டி, நான்கு கேடயம், இரண்டு வாள், ஒரு தலைக்கவசம், ஒரு சங்கிலிக் கவசம், பொன். நாட்டிலேயே பெரிய மனிதர் ஒருவரின் எட்டுப் பேரில் நால்வருக்குத்தான் கவசம். அடுத்த படியில் நால்வருக்கு ஒருவர். ஈட்டியும் கேடயமும் மட்டும் தலைக்கு ஒன்று என்று குறையாமல் வருகின்றன.

சாகா விளையாட்டில் படையைப் புள்ளிக் கணக்கில் சேர்க்கிறார்கள்: தலைவனின் மெய்க்காவலர்கள் ஒரு புள்ளிக்கு நால்வர், சாதாரண வீரர்கள் எட்டுப் பேர், ஊர்ப்படையினர் பன்னிருவர். ஆறு புள்ளிப் படை ஒன்றில் இரண்டு புள்ளியை மெய்க்காவலர்களுக்கும் மூன்றை வீரர்களுக்கும் ஒன்றை ஊர்ப்படைக்கும் ஒதுக்கினால் 8, 24, 12 என்று 44 உருவங்கள், தலைவனோடு 45. அந்த எட்டு மெய்க்காவலர்களை க்னூட்டின் ஏர்ல் பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்: எட்டு ஈட்டி, நான்கு கவசம், நான்கு தலைக்கவசம், நான்கு வாள். இருபத்துநான்கு வீரர்களைத் தெய்ன் பட்டியல்படி நால்வர் நால்வராகப் பிரித்தால் ஆறு கவசம் வரும். அந்தத் தெய்ன்களே அரசனுக்கு நெருங்கியவர்கள் என்பதால் சாதாரண வீரர்களுக்கு மூன்று போதும் என்பது என் கணிப்பு. ஊர்ப்படையில் ஒன்றும் வேண்டாம்.

இந்த விகிதம் 991-இல் எஸ்ஸெக்ஸ் கரையில் மால்டனில் நடந்த போருக்குப் பொருந்தும். ஏர்ல் பதவிக்கு முன்னோடியான ஈல்டர்மன் பதவியிலிருந்த பிர்ட்நாத் தன் வீட்டுப் படையோடும் அந்த வட்டாரத்து ஆட்களோடும் வைக்கிங்குகளை எதிர்த்து மாண்டார். அந்தப் போரைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதையின் கையெழுத்துப் படி 1731-இல் தீயில் அழிந்தது; முன்னமே பிரதி எடுத்து வைத்திருந்ததால் பாடல் தப்பியது. அதில் தெய்ன்களுக்கு நடுவே டன்னெரே என்ற எளிய குடியானவனும் ஈட்டியை அசைத்துப் பேசுகிறான். கவிஞர் அவனுக்குப் பேச்சும் பெயரும் கொடுத்திருக்கிறார். மால்டன் படை கட்டுபவர்கள் அந்தக் குடியானவனுக்கு நல்ல உருவம் ஒன்றைத் தேடி, முன்வரிசையில் நிறுத்த வேண்டும்.

ஆனால் 1066-இல் நார்மன்களோடு நடந்த ஹேஸ்டிங்ஸ் போருக்கு இதே விகிதத்தைக் கொண்டுபோகக் கூடாது. 1008-இல் எத்தல்ரெட் அரசன் எட்டு ஹைட் நிலத்துக்கு ஒரு தலைக்கவசமும் ஒரு சங்கிலிக் கவசமும் தர வேண்டுமென்று ஆணையிட்டதாக ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் பதிகிறது. ஹைட் என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்ற கணக்கில் வரி விதிக்கும் அலகு. 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே ஏடு, பெர்க்ஷயரில் முன்பு ஐந்து ஹைட் நிலத்துக்கு ஒரு படைவீரன் அனுப்பப்பட்டான் என்றும், அவனுடைய இரண்டு மாதச் செலவுக்கு ஹைட் ஒன்றுக்கு 4 ஷில்லிங் வீதம் வசூலித்தார்கள் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாற்பது ஹைட் நிலம் எட்டு வீரர்களையும் ஐந்து கவசங்களையும் தரும். எட்டுக்கு ஐந்து! ஆணை முழுதாக நிறைவேறியிருக்கும் என்றோ, பெர்க்ஷயர் வழக்கம் நாடு முழுக்க அப்படியே இருந்தது என்றோ நான் வாதிடமாட்டேன். ஆயினும் மால்டனுக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் இடையிலான எழுபத்தைந்து ஆண்டுகளில் ஆங்கிலப் படையின் மீது இரும்பு கூடியது என்பதற்கு இது வலுவான அடையாளம்.

பேயூ திரைச்சீலையும் அதையே காட்டுகிறது. ஏறத்தாழ 68 மீட்டர் நீளத் துணியில் கம்பளி நூலால் தைத்த அந்தச் சித்திரத்தில், ஹேஸ்டிங்ஸின் ஆங்கிலக் கேடயச் சுவர் பெரும்பாலும் கவசம் பூண்டிருக்கிறது. ஒரு குன்றின் மேல் மட்டும் கவசமில்லாத ஆட்கள் ஈட்டியும் கேடயமுமாக நார்மன் குதிரைகளைத் தடுக்கிறார்கள். ஆங்கிலேயர்களுக்கு மீசை, நார்மன்களுக்குப் பின்னந்தலை மழிப்பு. தலையைத் தனியாக ஒட்டும் பிளாஸ்டிக் உருவங்கள் வாங்குபவர்களுக்கு இந்த மீசை பெரிய உதவி: ஒரே உடலில் மீசைத் தலையை ஒட்டினால் ஆங்கில அரசன் ஹேரல்டின் ஆள். அந்தத் திரைச்சீலையில் ஆங்கிலத் தரப்பில் வில்லாளி ஒரே ஒருவன். நார்மன்களின் வில்லாளிகளோ கீழ்க்கரை நெடுக நிற்கிறார்கள். மால்டன் பாடலிலும் அம்பு எய்பவன் என்று குறிப்பாகச் சொல்லப்படுபவன், பிணையாக வந்திருந்த ஒரு நார்தம்ப்ரியன். ஆங்கிலப் படைக்கு வில்லாளிகளை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. ஊர்ப்படைப் பன்னிருவரில் மூவரோ நால்வரோ வில்லேந்தினால் போதும். மற்றவர்களுக்கு எறியீட்டி.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆங்கிலோ-சாக்சன் காலத் தலைக்கவசங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்திருக்கின்றன: பென்டி கிரேஞ்ச், சட்டன் ஹூ, 1982-இல் யார்க்கில் கிடைத்த காப்பர்கேட், இன்னும் சில. வைக்கிங் காலத்துக்கு நார்வேயின் கெர்முண்ட்பூவும், 2020-இல் பத்தாம் நூற்றாண்டினது என்று அடையாளம் காணப்பட்ட யார்ம் தலைக்கவசமும். இவ்வளவு அரிதென்றால் விகிதத்தை இன்னும் குறைக்க வேண்டாமா? வேண்டாம் என்றே நினைக்கிறேன். கிறித்தவம் வேரூன்றிய பின் இறந்தவரோடு ஆயுதம் புதைக்கும் வழக்கம் நின்றுவிட்டது. இரும்பு கைமாறியது, உருக்கப்பட்டது, துருவேறி அழிந்தது. மண்ணில் கிடைக்காததால் மேசையிலும் இருக்கக் கூடாது என்பது சரியான தர்க்கமல்ல. சட்டங்களின் சாட்சி இந்த இடத்தில் மண்ணைவிட நம்பத்தக்கது. கொம்பு வைத்த தலைக்கவசத்தைப் பற்றி மட்டும் தயக்கமே வேண்டாம். 1876-இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடைகளால் பரவிய தோற்றம் அது. அப்படிப்பட்ட உருவத்தை வைக்கிங் படையில் சேர்க்கவே கூடாது.

உருவத்தின் நிலையும் ஒரு வரலாற்று முடிவுதான். வாளை ஓங்கி ஓடிவருபவன் தனியாகப் பார்க்க மிகவும் அழகு. அவனைக் கேடயச் சுவரில் நிறுத்த முடியாது. டி பெல்லிஸ் விதிப்படி 28 மி.மீ. ஈட்டிவீரர்கள் நால்வர் 60 மி.மீ. அகல அடித்தட்டில் நிற்க வேண்டும். ஆளுக்கு 15 மி.மீ., உண்மை அளவில் 85 செ.மீ. பத்தாம் நூற்றாண்டுக் கேடயம் 16 மி.மீ. என்று முன்னே கணக்கிட்டோம். நான்கு கேடயங்கள் 64 மி.மீ.; தட்டு 60. ஆகவே ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஒரு மி.மீ. ஏறித்தான் நிற்க முடியும். விதிநூல் தந்த அகலமும் கோக்ஸ்டாட் கேடயமும் சேர்ந்து தாமாகவே ஒரு கேடயச் சுவரைக் கட்டிவிடுகின்றன! கை விரித்து நிற்கும் உருவம் இந்த இடத்துக்குள் நுழையாது. கேடயத்தை நெஞ்சுக்கு முன் பிடித்து, ஈட்டியைத் தோளுக்கு மேலோ இடுப்பருகிலோ வைத்திருக்கும் அடக்கமான நிலைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். இடக்காலை முன்வைத்து நிற்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நன்றாகப் பொருந்துவார்கள். பிளாஸ்டிக்கில் கை, தலை, கேடயம் தனித்தனியாக வருவதால் இதை நாமே அமைத்துக்கொள்ளலாம். உலோகத்தில் சிற்பி தந்த நிலைதான்; ஆனால் ஒரே அச்சில் வந்த மூவரை ஒரு வரிசையில் பிரித்து நிறுத்தினால் யாருக்கும் தெரியாது.

வண்ணம் பற்றிச் சுருக்கமாக. சாயம் போடாத ஆட்டுமயிரின் வெள்ளை, சாம்பல், பழுப்பு ஆகியவை ஊர்ப்படைக்கு அடிப்படை. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், நீலத்துக்கு வோட் என்ற செடியின் இலை, மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி; பேயூ நூல்களின் சாயமும் இந்த மூன்றிலிருந்து வந்ததே. எனவே பளிச்சென்ற வேதிச் சிவப்பைத் தவிர்த்து, செங்கல் சாயல் கொண்ட சிவப்பைப் பூசலாம். திரைச்சீலையின் நிறங்களை அப்படியே நகலெடுக்கக் கூடாது. அங்கே குதிரைகள்கூட நீலமாக இருக்கின்றன. கேடயத்துக்கு கோக்ஸ்டாட் நல்ல வழிகாட்டி: கப்பலின் இரு பக்கமும் சேர்த்து 64 கேடயங்கள், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி. சிக்கலான பின்னல் ஓவியங்களுக்குச் சான்று மெலிது. ஏழாம் நூற்றாண்டுத் தலைவனின் வாள்பிடியில் ஒரு செம்புள்ளி வைப்பது பொருந்தும். 2009-இல் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் வாள்பிடிகளின் பொன் வேலைப்பாடு நிறையக் கார்னெட் கற்கள். அந்தக் காலத்து ஐரோப்பியக் கார்னெட்டுகளில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து போனது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது கவசமில்லாத ஈட்டிவீரர்களின் பிளாஸ்டிக் பெட்டி. நாற்பது சொச்சம் பேர் வருவார்கள். பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயனும் ஸ்காண்டிநேவியனும் உடையிலும் ஆயுதத்திலும் பெரிதாக வேறுபடவில்லை. அதே ஆட்கள் பிர்ட்நாத்தின் பக்கமும் நிற்கலாம், அவரை எதிர்த்து வந்த கப்பல்காரர்களாகவும் நிற்கலாம். கவசக்காரர்களை இரண்டாவதாக, எட்டுப் பேர் போல வாங்கினால் மால்டன் நிறைவடையும். ஹேஸ்டிங்ஸுக்கு அந்த எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்த வேண்டும். முதல் பெட்டியில் மிஞ்சும் உடல்களுக்குத் தலைக்கவசத் தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டால் இன்னொரு போருக்கும் அவை உதவும். 1066 செப்டம்பர் 25 அன்று ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் ஹேரல்டிடம் தோற்ற நார்வேக்காரர்கள், வெயில் கடுமையாக இருந்ததால் சங்கிலிக் கவசங்களைக் கப்பலிலேயே விட்டுவிட்டு, தலைக்கவசமும் கேடயமும் ஈட்டியும் வாளுமாக வந்தார்கள் என்று ஸ்னோரி ஸ்டர்லுசன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதினார். கம்பளிச் சட்டை உடல், இரும்புத் தலை, கையில் வட்டக் கேடயம்: அந்தப் படைக்கு வேறு பெட்டி தேவைப்படாது.